பாற்கலப்படமும் அரசின் அளவுகோலும்



பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று உங்களில் சிலர் மனத்திற்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம், கேட்பதில் தவறொன்றுமில்லை. பால்காரர் கலக்கிறார், வீட்டுக்காரி முணுமுணுக்கிறாள், சர்க்கார் எப்போதாவது ஒருவரைப் பிடித்து அபராதம் போடுகிறது, மறுநாட் காலையிலும் காப்பி அதே நிறத்தில்தான் வருகிறது. இதற்கு மேல் இவ்விஷயத்தில் ஆராய்ச்சிக்கு இடம் எங்கே என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் நூறாண்டுக் காலத்திற்கும் மேலாக இந்த நாட்டில் இயற்றப்பட்ட கலப்படத் தடைச் சட்டங்களையும், அவற்றின்மேல் எழுந்த வழக்குகளையும், நியாயஸ்தலங்கள் அளித்த தீர்ப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படிக்கிறவர்களுக்கு, சட்டத்தில் கடுமைக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை என்பதும், பஞ்சமெல்லாம் எங்கே அளப்பது, எத்தனை தடவை அளப்பது, அளந்ததை எவ்வளவு சீக்கிரம் சொல்வது என்பவற்றிலேயே என்பதும் மெல்ல மெல்லப் புலனாகும். அதைத்தான் இன்று உங்கள் முன் விரித்துரைக்க விரும்புகிறேன்.

சென்னை ராஜதானியில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1918ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. அதற்கு மூலமாக இருந்தது ஆங்கில நாட்டின் அனுபவம். 1850களின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்தர் ஹில் ஹஸால் என்ற மருத்துவர் கடை கடையாகச் சாமான்களை வாங்கிவந்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்து, கலப்படம் கண்ட வியாபாரிகளின் பெயரையும் விலாசத்தையும் ‘லான்ஸெட்’ என்னும் மருத்துவப் பத்திரிகையில் அச்சிடச் செய்தார். தண்டனை விதிக்கப் பொதுவான சட்டமே இல்லாத காலத்தில், அச்செழுத்து ஒன்றையே ஆயுதமாகக் கொண்டு அவர் உண்டாக்கிய கிளர்ச்சியின் பலனாக 1860இலும் 1875இலும் சட்டங்கள் வந்தன. பப்ளிக் அனலிஸ்ட் என்ற சர்க்கார் பகுப்பாய்வாளர் உத்தியோகமும் அந்த வழியிலேயே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரம் பெற்றபின் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி 1954இல் பாராளுமன்றம் இயற்றிய உணவுக் கலப்படத் தடைச் சட்டம், 1955 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்தது.

அச்சட்டம் எடுத்த எடுப்பில் ஒரு சங்கடமான கேள்விக்கு விடை சொல்லவேண்டியதாயிற்று. கலப்படம் செய்த பால் எது என்று தீர்மானிக்க வேண்டுமானால், கலப்படமற்ற பால் எது என்பதை முதலில் எண்ணிக்கையில் எழுதி வைக்கவேண்டும் அல்லவா? ஆகவே எழுதி வைத்தார்கள். பசுவின் பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, கொழுப்பல்லாத திடப்பொருள் எட்டரை. எருமைப் பாலில் கொழுப்பு ஆறு, சில பிரதேசங்களில் ஐந்து, திடப்பொருள் ஒன்பது என்று இந்தக் கணக்கு நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. அண்மையில் பசும்பாலுக்கு 3.2 என்றும் 8.3 என்றும் சற்றே தளர்த்தியிருக்கிறார்கள். இவற்றோடு விதிகளுள் இன்னொன்றும் ஒளிந்திருந்தது: இன்ன பிராணியின் பால் என்று சொல்லாமல் விற்கப்படும் பாலுக்கு எருமைப் பாலின் அளவே பொருந்தும் என்பது அது. தன் வீட்டுப் பசுவைக் கறந்து, ஒரு துளி தண்ணீரும் சேர்க்காமல், ‘பசும்பால்’ என்று ஒரு பலகை மட்டும் மாட்ட மறந்து விற்ற மனிதர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகிவிடுவார். எருமைப்பாலில் தாராளமாக நீர் வார்த்து ‘பசும்பால்’ என்று பெயரிட்டு விற்றவரோ எண்களின் மறைவில் தப்பித்துக்கொள்வார். கலப்படமும் பொய்ப் பெயரும் வெவ்வேறு குற்றங்களாகச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், பாலைப் பொறுத்தவரையில் ஒன்றின் துணையின்றி மற்றொன்று நடமாடுவது அரிது என்பதற்கு இதுவே போதுமான சாட்சி.

எண்ணை எழுதிவைத்தவுடன் ஏமாற்று வேலை அந்த எண்ணைச் சுற்றியே அமைந்துவிடுகிறது என்பது இந்தச் சரித்திரம் முழுவதிலும் காணக்கிடக்கும் உண்மை. பால்மானியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலில் நீர் சேர்ந்தால் அதன் அடர்த்தி குறைந்து மானி ஆழமாக அமிழும். இது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பாலிலுள்ள வெண்ணெய்ச் சத்து நீரைவிட இலேசானது. ஆதலால் அதை எடுத்துவிட்டால் பால் முன்னிலும் கனமாகி மானி மேலே எழும். முதலில் ஆடையை எடுத்து, பிறகு தக்க அளவு நீரைச் சேர்த்தால், இரண்டு குற்றங்களும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, மானி நல்ல பாலுக்குரிய கோட்டிலேயே அமைதியாக நிற்கும். இந்தத் தந்திரத்தை முறியடிக்கவே கந்தகாமிலத்தை ஊற்றிக் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்கும் கெர்பர் முறை வந்தது. கொழுப்பை அளக்கத் தொடங்கியதும், திடப்பொருளின் கணக்கைச் சரிக்கட்டச் சர்க்கரையும், பால் பவுடரும், சில இடங்களில் யூரியாவும் உள்ளே நுழைந்தன. யூரியாவைத் தேட, பாலில் இயற்கையாகவே சிறிதளவு யூரியா உண்டு என்ற உண்மை குறுக்கே நின்றதால், இவ்வளவுக்கு மேல் இருந்தால்தான் குற்றம் என்று அதற்கும் ஓர் எண் எழுதவேண்டியதாயிற்று.

சீன தேசத்தில் 2008ஆம் ஆண்டில் நேர்ந்த விபரீதம் இதே வகையைச் சேர்ந்ததுதான். பலன் மட்டும் மிகக் கொடியது. புரதத்தை நேராக அளக்காமல் அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது உலகெங்கும் வழக்கம். நீர் வார்த்த பாலில் நைட்ரஜனைக் கூட்டிக் காட்ட, எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜனேயான மெலமைன் என்ற பொருளை, தட்டும் பலகையும் செய்யப் பயன்படுவதை, குழந்தைகளுக்கான பால் மாவுக்குப் போகும் பாலில் கலந்தார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் மாண்டன. மறு ஆண்டில் இருவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. பரிசோதனை நடக்காமல் இல்லை. பரிசோதனைக்கு ஏற்றபடி பால் தயாரிக்கப்பட்டது என்பதே அங்கு நடந்தது.

இனி நம் நாட்டு நியாயஸ்தலத்துக்கு வருவோம். உணவு ஆய்வாளர் ஒருவர் தெருமுனையில் பால்காரரை நிறுத்தி, விலை கொடுத்துப் பாலை வாங்கி, சாட்சிகள் முன்னிலையில் புட்டிகளில் பிரித்து ஊற்றி, பால் கெடாதிருக்க இருபத்தைந்து மில்லிலிட்டருக்கு இரண்டு துளி வீதம் பார்மலின் இட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புட்டி சர்க்கார் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. அவருடைய அறிக்கையை எதிர்த்து, மற்றொரு புட்டியை மத்திய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமையைச் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழங்கியிருந்தது. நல்ல உரிமைதான், ஆனால் அந்தப் புட்டிக்குள் இருப்பது இரும்பல்லவே! டில்லி மாநகராட்சி தொடுத்த ஒரு வழக்கு 1967ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதிகளில் அச்சாகியிருக்கிறது. தயிர் மாதிரி எடுத்தது 1961 செப்டம்பரில். வழக்குத் தொடர்ந்தது அடுத்த ஆண்டு மே மாதத்தில். எதிரி தம் உரிமையைக் கேட்டுப் புட்டியை மத்திய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் செய்தபோது, பரிசோதிக்க இயலாதபடி அது கெட்டுப்போயிருந்தது. அரசுத் தரப்பின் தாமதத்தால் ஒருவருடைய உரிமை பறிபோகுமானால், முதல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அவரைத் தண்டிப்பது தகாது என்று உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதிப்படுத்தியது. அதற்குப் பின் எத்தனை எத்தனை பால் வழக்குகள் அந்தத் தீர்ப்பின் வாசல் வழியாகவே வெளியேறின என்பதைக் கீழ்க்கோர்ட்டுகளில் பழகிய வழக்கறிஞர்கள் நன்கறிவர்.

இந்தத் தோல்விக்குச் சர்க்கார் கண்ட பரிகாரம் வேடிக்கையானது. புட்டி கோர்ட்டுக்குப் போகும் பாதையைச் செப்பனிடுவதை விட்டுவிட்டுத் தண்டனையை உயர்த்தினார்கள். 1964இல் குறைந்தபட்சம் ஆறுமாதச் சிறை என்றார்கள். 1976இல் அதை மேலும் இறுக்கி, உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரையில் கொண்டுபோனார்கள். விளைவு என்னவென்றால், கொழுப்பு அரை சதவிகிதம் குறைந்ததற்காக, இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய நீதிபதிகள், முத்திரையில் குறையா, சாட்சி வந்தாரா, புட்டி உலர்ந்திருந்ததா, பாலை எடுக்குமுன் நன்றாகக் கலக்கினார்களா என்ற விவரங்களில் முன்னைக் காட்டிலும் அதிகக் கண்டிப்புக் காட்டலாயினர். தண்டனையின் கனம் கூடக்கூட அதை விதிக்கும் கை கூசுவது மனித சுபாவம். அந்தக் கூச்சத்தை நான் குறையாகவும் கருதவில்லை.

நெய்யின் கதை இன்னும் சுவையானது. அங்கேதான் அரசாங்கம் ஒரு தடவை உண்மையிலேயே புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. 1930களில் வனஸ்பதி இந்நாட்டுக் கடைகளில் பெருகத் தொடங்கிற்று. டால்டா என்ற ஒரு வியாபாரப் பெயரே அந்தப் பண்டத்தின் பொதுப்பெயராகி, நம் பாட்டிமார் அந்த டப்பாவில் செடி வளர்க்கும் காலம் வரையில் நிலைத்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி நெய்போல் உறையவைத்த அந்தக் கொழுப்பு, வெண்மையாய், மணிமணியாய், வாசனையின்றி இருந்தது. நெய்யில் கலப்பதற்கென்றே ஒருவர் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் அதைவிடப் பொருத்தமான பொருளைச் செய்திருக்க முடியாது. காந்தியடிகள் அதைக் கண்டித்து எழுதினார். முற்றிலும் தடைசெய்யவேண்டும் என்று ஒருசாராரும், ஏழைகளுக்கு மலிவான கொழுப்பு வேண்டாமா என்று மற்றொருசாராரும் வாதிட்டனர். நிறம் ஏற்றிவிட்டால் கலப்பது கண்ணுக்கே தெரிந்துவிடுமே என்று பலர் யோசனை சொன்னார்கள். ஆனால் உடலுக்குத் தீங்கில்லாததாய், காய்ச்சினாலும் வடித்தாலும் போகாததாய் ஒரு நிறம் அகப்படவில்லை.

கடைசியில் சர்க்கார் செய்தது இதுதான்: வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் நல்லெண்ணெய் சேர்த்தே தீரவேண்டும் என்று உற்பத்தியாளருக்கு விதித்தார்கள். காரணம், நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் செக்கச் சிவந்த நிறம் காட்டும். போதுவான் சோதனை என்று அதற்குப் பெயர். நெய் தூயதானால் நிறம் மாறாது. அதில் வனஸ்பதி கலந்திருந்தால், கலந்தவர் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும், அதற்குள்ளேயே இருக்கும் நல்லெண்ணெய் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். கடைவீதியில் ஆயிரம் ஆய்வாளர்களை நிறுத்துவதற்குப் பதிலாகத் தொழிற்சாலையின் வாயிலிலேயே சாட்சியைப் பொருளுக்குள் வைத்து அனுப்பிய இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். சோதனைக்கு வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாயும் ஐந்து நிமிஷமும்தான். குற்றவாளி பின்னால் உரிமை கேட்டாலும் நெய் அதற்குள் கெட்டுப்போவதில்லை. வனஸ்பதியை விட்டு வேறு கொழுப்பைக் கலக்கிறவர்களிடம் இந்தச் சோதனை ஊமையாகிவிடும் என்பது உண்மையே. அவர்களுக்காக வைத்திருந்த, நெய்யில் ஆவியாகும் கொழுப்பமிலங்களை அளக்கும் ரைக்கெர்ட்-மைசல் எண்ணிலோ வேறொரு சிக்கல்: பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் நெய்யில் அந்த எண் இயற்கையிலேயே இறங்கிவிடுமாதலால், பருத்தி விளையும் பிரதேசங்களுக்குத் தனியளவு வகுக்கவேண்டியதாயிற்று.

சட்டம் தெருவில் திணறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கிராமத்துப் பால் சொசைட்டிகளில் ஓசையின்றி இன்னொரு காரியம் நடந்துவந்தது. 1946இல் குஜராத்தின் கேடா ஜில்லாவில் தொடங்கி நாடெங்கும் பரவிய கூட்டுறவு முறையில், பால் ஊற்ற வருகிறவரின் பாலில் கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். என்னும் கொழுப்பல்லாத திடப்பொருள் எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்ப விலை போடுகிறார்கள். நீர் சேர்த்தவருக்கு அபராதமில்லை, வழக்கில்லை, சிறையில்லை. அன்றைய பணம் குறைகிறது, அவ்வளவே. ஆய்வாளர் ஒருவர் மாதத்தில் எடுக்கும் மாதிரிகளைவிட ஒரு சிறிய சொசைட்டி ஒரே காலையில் பார்க்கும் மாதிரிகள் அதிகம். அங்கேயும் பால் ஊற்றுகிறவர்களின் புகார்கள் இல்லாமலில்லை. எந்திரம் குறைத்துக் காட்டுகிறது என்ற முணுமுணுப்பை எந்தச் சொசைட்டித் திண்ணையிலும் கேட்கலாம். எனினும் தினந்தோறும், இருவர் கண்முன்னும், உடனுக்குடன் அளக்கிற இடத்தில் கலப்படத்துக்கு லாபமில்லாமற் போகிறது என்பதை மறுக்க முடியாது.

லாபம் அப்போது வேறிடம் தேடிப் போகிறது. 2014இல் திண்டிவனம் பக்கத்தில், சென்னைக்கு ஆவின் பால் ஏற்றிவந்த டேங்கர் லாரியிலிருந்து பாலை வடித்தெடுத்துக்கொண்டு அந்த அளவுக்குத் தண்ணீரை நிரப்பியதைப் போலீசார் கண்டுபிடித்தார்கள். கிராமத்துச் சொசைட்டியில் ஒரு சோதனை; சென்னைப் பண்ணையில் ஒரு சோதனை; நடுவில் கிடந்த நெடுஞ்சாலையில்தான் எவரும் அளக்கவில்லை. சைக்கிளில் கேன் கட்டிப் போகிறவர் ஒரு வருஷத்தில் சேர்க்கக்கூடிய தண்ணீரை அந்த லாரி ஓரிரவில் சுமந்து சென்றிருக்கும். ஆனால் பழைய வழக்குத் தொகுதிகளைப் புரட்டினால் பெரும்பாலும் கண்ணில் படுகிறவர் சைக்கிள்காரர்தான்.

2006ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டு 5ஆம் தேதி அமலுக்கு வந்த உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் இந்த அனுபவங்களிலிருந்து ஓரளவு பாடம் கற்றிருக்கிறது. தரக்குறைவு, பொய் முகப்புச் சீட்டு, உயிருக்குத் தீங்கு ஆகிய மூன்றையும் அது பிரித்துப் பார்க்கிறது. நீர் கலந்த பால் தரக்குறைவான பால். அதற்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையில் அபராதம், விதிப்பவர் வருவாய்த் துறை அதிகாரி. பொய்ச்சீட்டுக்கு மூன்று லட்சம் வரையில். தீங்கு விளைக்கும் உணவுக்கு மட்டுமே கிரிமினல் கோர்ட்டும் சிறையும். மாதிரியை நான்காகப் பிரிக்கவேண்டும், பகுப்பாய்வாளர் பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும் என்றும் காலவரை வகுத்திருக்கிறது. இது போதாது என்று கருதியவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். 2016இல் அந்நீதிமன்றம், ஆயுள் தண்டனை வரையில் சட்டத்தைத் திருத்திய உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், ஒடிசா ஆகிய மாநிலங்களைப் பின்பற்றுவதை மற்ற மாநிலங்களும் யோசிக்கலாம் என்று சொல்லிற்று. ஆறுமாதச் சிறைக்கே கூசிய கைகளை அறிந்த நமக்கு இந்த யோசனையில் அதிக நம்பிக்கை பிறப்பது கடினம்.

முகப்புச் சீட்டின் விஷயத்தில் அரசாங்கத்தின் கை இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. பால் கொழுப்பில் செய்யாத குளிர்பண்டத்தை ஐஸ்கிரீம் என்று அழைக்கக்கூடாது, ‘ஃப்ரோஸன் டெசர்ட்’ என்றே அச்சிடவேண்டும் என்ற விதி தெளிவானது. ஆனால் தள்ளுவண்டியின் முன் நிற்கும் குழந்தை அந்த எழுத்தைப் படித்தா வாங்குகிறது? 2024 ஆகஸ்டு 21ஆம் தேதி, புரத வகையைக் கொண்டு ‘ஏ1’, ‘ஏ2’ என்று பேதம் கூறிப் பாலையும் நெய்யையும் விற்பது மக்களைத் திசைதிருப்புவதாகும், சட்டத்தில் அப்படியொரு பேதமே இல்லை, ஆகவே அந்தச் சொற்களை நீக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டளையிட்டது. ஐந்து நாள் கழித்து, சம்பந்தப்பட்டவர்களோடு இன்னும் கலந்தாலோசிக்கவேண்டும் என்று கூறி அந்தக் கட்டளையை வாபஸ் வாங்கிக்கொண்டது. முதற் கட்டளை சரியென்பதே என் அபிப்பிராயம். தெருப் பால்காரரிடம் இவ்வளவு கலந்தாலோசித்ததாக நம் பழைய தீர்ப்புத் தொகுதிகளில் எங்கும் காணோம்.

இறுதியாக, இரண்டு கணக்கெடுப்புகள். 2011இல் ஆணையம் நாடெங்கும் 1,791 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, நூற்றுக்கு 68.4 தர அளவுக்கு ஒத்துவரவில்லை என்றது; நாட்டுப் பாலில் மூன்றில் இரண்டு பங்கு கலப்படம் என்று பத்திரிகைகள் அலறின. 2018இல் 6,432 மாதிரிகளை எடுத்துச் சோதித்து, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பாதுகாப்பானது என்று அதே ஆணையம் சொன்னபோது எல்லோரும் ஆறுதல் அடைந்தோம். ஏழாண்டில் இந்நாட்டுப் பால் வியாபாரம் முழுவதும் சத்தியத்துக்கு மாறிவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பின்னைய கணக்கிலும் நூற்றுக்கு நாற்பத்தொரு மாதிரிகள் ஏதோ ஒரு தர அளவில் தவறியவையே. முதல் கணக்கில் தரத்தைக் கேட்டார்கள், இரண்டாவதில் பாதுகாப்பைக் கேட்டார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது கணக்கெடுப்பில், தலைப்புகளில் அடிபடாத ஒரு செய்தி இருந்தது. தீங்கான பொருளை வேண்டுமென்றே கலந்த பால் என்று கண்டது 6,432இல் பன்னிரண்டே பன்னிரண்டு மாதிரிகள். ஒருவரும் கலக்காமலே பாலுக்குள் வந்து சேர்ந்த அப்லாடாக்ஸின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சோ, கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற எல்லையைத் தாண்டி, நூற்றுக்கு 5.7 மாதிரிகளில் காணப்பட்டது. அவற்றில் எண்ணிக்கையால் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. இங்கு எடுத்த 551 மாதிரிகளில் 88. மழையில் நனைந்தோ ஈரம் காயாமலோ கிடங்கில் அடுக்கப்பட்ட கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை பிடிக்கிறது. மாடு அதைத் தின்கிறது. நஞ்சு உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது. பால் கறந்தவரும், சொசைட்டியாரும், பாக்கெட்டில் அடைத்தவரும், கடைக்காரரும் ஒருவரையொருவர் ஏமாற்றவில்லை. பால்மானியும் கொழுப்புக் கணக்கும் குறை சொல்லவில்லை.

இங்கே நம்முடைய உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்ன செய்யக்கூடும் என்று பாருங்கள். கடையில் பால் பாக்கெட்டை வாங்கலாம், நான்காகப் பிரிக்கலாம், முத்திரை வைக்கலாம், பதினான்கு நாளில் அறிக்கையும் பெறலாம். ஆனால் அந்த நஞ்சு பிறந்த கிடங்கின் வாசலுக்குப் போய் ஒரு மூட்டைப் புண்ணாக்கை இந்தச் சட்டத்தின்படி மாதிரி எடுக்க முற்பட்டாரானால், கிடங்குக்காரர் அவர் கையிலுள்ள 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையே வாங்கி மூன்றாம் பிரிவைப் பிரித்துக் காட்டலாம். ‘உணவு’ என்றால் என்ன என்று வரையறுக்கும் அந்த இடத்தில், கால்நடைத் தீவனம் உணவில் அடங்காது என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது.